காவிரியும் ஒரு பந்தாட்டமும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்தவர்களை ஒரு கேள்வி வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வருகிறது. "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதே அது. மராத்தி நண்பர் கேட்டால் தமிழ்நாடு என்கிறோம். தமிழ் நண்பர் கேட்டால் மன்னார்குடிப் பக்கம் என்கிறோம். மன்னார்குடியில் யாரேனும் கேட்டால் புனேயில் இருக்கிறோம் என்கிறோம். மூன்று விடைகளும் உண்மை. மூன்றும் முழுமையானவை அல்ல என்பது கேட்பவர்க்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும்.

2018ஆம் ஆண்டின் கோடையில் இந்தக் கேள்வி எங்களை மட்டும் அன்றி ஒரு கிரிக்கெட் குழுவையும் பற்றிக்கொண்டது. சென்னையின் பெயரைச் சட்டையில் தாங்கிய அக்குழு, தன் ஊரை விட்டு நாங்கள் குடியேறிய ஊருக்கு வந்து, ஒரு மாத காலம் இதையே தன் வீடாகக் கொண்டது. விளையாட்டைப் பற்றி எழுத நாங்கள் தகுதி பெற்றவர்கள் அல்லர். ஆயினும் அந்த ஒரு பருவம் எங்கள் இல்லத்தில் எழுப்பிய மகிழ்ச்சியையும் மனக்குழப்பத்தையும் இம்மலரின் வழியே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் அது பொதுவானதாக இருக்கக் கூடும்.

சென்னை சூப்பர் கிங்ஸ் குழு 2008ஆம் ஆண்டில் தோன்றியது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. பின்னர்ப் பெரும் பழி ஒன்று அதனைச் சூழ்ந்தது. குழுவின் நிர்வாகத்தோடு தொடர்புடையவர் பந்தயச் சூதில் ஈடுபட்டதாக எழுந்த வழக்கில், நீதிபதி லோதா தலைமையிலான குழு 2015 ஜூலையில் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. 2016, 2017 ஆகிய இரு பருவங்களிலும் மஞ்சள் சட்டை களம் காணவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் அதன் தலைவர் தோனி ஆடியது எங்கள் புனேயின் குழுவுக்காக. எனவே சென்னை இழந்ததைப் புனே பெற்றது என்ற கதை 2018இல் புதிதாகத் தொடங்கியது அன்று.

தடை நீங்கித் திரும்பியபோது அக்குழுவைக் கண்டு நகைத்தவர் பலர். தோனிக்கும் வாட்சனுக்கும் வயது 36. ஹர்பஜன் சிங்குக்கு 37. இம்ரான் தாஹிருக்கு 39. இளைஞர்களுக்கென வகுக்கப்பட்ட ஆட்டத்துக்கு இவர்கள் தந்தையர் கூட்டத்தைக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கேலி பேசினர். ஏப்ரல் 7ஆம் நாள் மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த முதல் ஆட்டமே அந்தக் கேலிக்கு விடை சொல்லியது. 166 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் விக்கெட்டுகள் சரிந்தன. பிராவோ 30 பந்துகளில் 68 ஓட்டங்கள் எடுத்துத் தோல்வியை ஒத்திப்போட்டார். கடைசி ஓவரில் 7 ஓட்டங்கள் வேண்டும். கையில் இருப்பது ஒரே விக்கெட்டு. தொடையில் தசை பிடித்து வெளியேறியிருந்த கேதார் ஜாதவ் நொண்டிக்கொண்டே மீண்டும் வந்தார். ஓட இயலாதவர் மூன்று பந்துகளை வீணாக்கி, நான்காவது பந்தை ஆறுக்கும் ஐந்தாவதை நான்குக்கும் அனுப்பினார். கேதார் எங்கள் புனேயின் பிள்ளை. எங்கள் குடியிருப்பில் மராத்தியரும் தமிழரும் ஒரே நேரத்தில் கூவியது அன்றைக்குத்தான். அந்தக் காயத்தால் அவர் அப்பருவம் முழுவதும் ஆட இயலாமற்போனது. சில நாட்களில் குழுவே அவர் ஊருக்கு வந்தும், அவருக்குக் களம் இறங்கும் வாய்ப்பு இல்லை.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 10இல், குழு சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. ஆனால் தமிழ்நாடு அப்போது விளையாட்டின் மனநிலையில் இல்லை. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16ஆம் நாள் தீர்ப்பளித்திருந்தது. நடுவர் மன்றம் 2007இல் தமிழகத்துக்கென வகுத்த 192 டி.எம்.சி. நீர் 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. குறைந்த அந்த நீரையேனும் உறுதி செய்ய ஆறு வாரத்துக்குள் ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்ற கெடுவும் கடந்து போயிற்று. டெல்டா எங்கும் மறியல். நீருக்காக மக்கள் தெருவில் நிற்கும்போது கேளிக்கை எதற்கு என்ற குரல் சேப்பாக்கத்தின் வாயில் வரை வந்தது. சாலைகள் அடைபட்டன, மைதானத்துக்குள் காலணி வந்து விழுந்தது. ஆட்டம் என்னவோ நடந்தது. கொல்கத்தா எடுத்த 202 ஓட்டங்களை ஒரு பந்து மிச்சமிருக்கச் சென்னை கடந்தது. அடுத்த நாளே, எஞ்சிய ஆறு ஆட்டங்களும் சென்னையில் நடைபெறா என்ற முடிவு வந்தது. பின்பு, அவை புனேயில் நடைபெறும் என்றனர்.

அச்செய்தி கேட்டதும் எங்கள் பேரன் வீட்டின் கூடத்தைச் சுற்றி ஓடினான். அவன் பிறந்தது பிம்ப்ரியில். கனவு காண்பது மராத்தியில். தமிழில் அவன் தயங்காமல் சொல்லும் தொடர் "விசில் போடு" ஒன்றுதான். எங்களுக்கும் மகிழ்ச்சி அடங்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஊருக்குப் போவது நாங்கள்தாம். ஊர் எங்களைத் தேடி வந்தது இதுவே முதன்முறை. அந்த மகிழ்ச்சியோடு மன்னார்குடிக்கு அருகே பயிர் செய்துவரும் எங்கள் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"அண்ணே, சேதி தெரியுமா? சென்னை டீம் இங்க புனேயிலதான் ஆடப் போவுதாம்."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: "தெரியும் தம்பி. நேத்து மறியல்ல உக்காந்திருந்தப்பவே பசங்க சொன்னானுவ. ஆட்டத்து மேல எங்களுக்கு என்ன விரோதம்? ரோட்டுல உக்காந்தோம், ரயிலை மறிச்சோம், யாரும் திரும்பிப் பாக்கல. கிரிக்கெட்டைத் தொட்டாத்தான் டெல்லி வரைக்கும் கேக்கும்னு நெனச்சானுவ. இப்ப ஆட்டம் ஊரை விட்டுப் போயிடுச்சு. தண்ணிதான் இன்னும் வரல."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எங்களை மிகவும் வருத்தியது. எங்கள் தந்தையாருக்கு இருந்தது மூன்று ஏக்கர். இருவர் அதில் பிழைக்க இயலாது என்றுதான் எங்களில் ஒருவர் 1978இல் வடக்கே ரயிலேறினோம். ஆண்டுதோறும் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை உண்டு, இல்லையேல் இல்லை. 2012 முதல் 2018 வரை ஏழு ஆண்டுகளும் அந்த நாளில் அணை திறக்கவில்லை. எந்த நீர் தவறியதால் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்ததோ, அதே நீர் தவறியதால்தான் அந்தக் குழு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. அண்ணனின் வறட்சியல்லவா எங்கள் கொண்டாட்டமாக வந்து சேர்ந்தது! இதனை எண்ணியபோது வாங்கி வைத்த நுழைவுச் சீட்டுகள் கையில் கனத்தன.

தண்ணீர்க் கதை அத்துடனும் முடியவில்லை. வந்த இடத்திலும் அது காத்திருந்தது. 2016இல் மராட்டியத்தில் கடும் வறட்சி. குடிக்க நீரின்றி மக்கள் தவிக்கையில் ஆடுகளத்துக்கு நீர் ஊற்றுவதா என்று மும்பை உயர் நீதிமன்றம் கேட்டு, ஏப்ரல் இறுதிக்குப் பிந்திய ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்ற ஆணையிட்டது. அன்று புனேயின் குழு தன் வீட்டை இழந்து விசாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 2018இலும் சென்னைக் குழுவின் முதல் புனே ஆட்டத்துக்கு இரு நாள் முன்னர், பவனா ஆற்று நீரை மைதானப் பராமரிப்புக்கு எடுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் தடை விதித்தது.

பவனா எங்கள் வீட்டுக் குழாயில் வரும் ஆறு. அதன் அணை மாவள் வட்டத்தில் இருக்கிறது. அந்த அணையிலிருந்து நகரத்துக்கு நேரே குழாய் பதிப்பதை எதிர்த்து அவ்வட்டத்து உழவர்கள் 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் விரைவுச் சாலையை மறித்தார்கள். காவல்துறை சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். மும்பையிலிருந்து புனேக்கு வரும் அந்தச் சாலையின் ஓரத்தில்தான் கஹுஞ்சே மைதானமும் இருக்கிறது. காவிரிக் கரையில் நாங்கள் உழவன் வீட்டுப் பிள்ளைகள். பவனாக் கரையிலோ நீரை வாங்கிக் குடிக்கும் நகரத்தார். ஓர் ஆற்றின் கடைமடையில் நின்று நீதி கேட்ட குடும்பம், வேறோர் ஆற்றின் குழாயடியில் நின்று அதனை மறந்திருந்தது. அண்ணன் பேசிய பிறகே இது எங்களுக்கு உறைத்தது.

போவதா வேண்டாமா என்று தயங்கினோம். முதல் நாள் இரவு அண்ணனே அழைத்தார். "பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அவன் என்ன பண்ணுவான் பாவம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் வந்து சேர்ந்திருந்தார்கள். "விசில்போடு எக்ஸ்பிரஸ்" என்பது அந்த ரயிலுக்குப் பெயர். எங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்த இளைஞரும் அதில் வந்தவரே. முதல் நாள் முழுதும் ரயிலிலேயே பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. முகத்தில் மஞ்சள் பூச்சு. நாங்கள் கொண்டுசென்ற புளியோதரையை அவருக்கும் கொடுத்தோம். ஒரு வாய் உண்டதும் கண்கள் விரிந்தன.

"நம்ம ஊரு புளியோதரை மாதிரியே இருக்கு ஐயா. உங்களுக்கு எந்த ஊரு?"

அங்கும் அந்தக் கேள்வி! என்ன சொல்வது என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கையில், பேரன் முந்திக்கொண்டு, "இதுதான் எங்க ஊரு. நீங்கதான் எங்க ஊருக்கு வந்திருக்கீங்க" என்றான். இளைஞர் சிரித்துவிட்டு, "சரிதாண்டா தம்பி. அப்ப நாங்க விருந்தாளி" என்றார்.

அன்று வாட்சன் 57 பந்துகளில் 106 ஓட்டங்கள் குவித்தார். சென்னை 204 எடுத்து, ராஜஸ்தானை 64 ஓட்டங்களில் வென்றது. மைதானம் மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளில் பெரும்பாலோர் தமிழர் அல்லர்; இரண்டு ஆண்டுகள் தங்களுக்காக ஆடிய தோனியை மறவாத மராத்தியர். மராத்தியில் தோனியை வாழ்த்திய கூட்டமும் தமிழில் விசில் கேட்ட கூட்டமும் கலந்து அமர்ந்திருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே, இந்நேரம் அண்ணன் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற நினைவும் வந்து போயிற்று.

அக்குழுவில் இருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தோம். தோனி ராஞ்சியிலிருந்து வந்தவர், ரெய்னா உத்தரப்பிரதேசம், ஜடேஜா குஜராத், ராயுடு ஆந்திரம், வாட்சன் ஆஸ்திரேலியா, டூ பிளெஸ்ஸி தென்னாப்பிரிக்கா, பிராவோ மேற்கிந்தியத் தீவுகள். தமிழ்நாட்டு வீரர் மிகச் சிலரே. சென்னைக்கு ஆண்டுகள் பல பந்து வீசிய நம் அஸ்வினோ அந்தப் பருவத்தில் பஞ்சாபின் தலைவர். சென்னைக் குழு என்பதே புலம்பெயர்ந்தோர் கூட்டந்தான். எவ்வூரில் பிறந்தவராயினும் எவ்வூருக்காக உழைக்கிறாரோ அவ்வூர்க்காரர் என்று ரசிகர்கள் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். தொழிற்சாலை வாயிலிலும் அலுவலகத்திலும் நாம் ஒவ்வொருவரும் இத்தனை ஆண்டுகள் வேண்டி நின்றது இந்த ஏற்பைத்தானே?

அமெரிக்காவில் வாழும் எங்கள் மருமகனிடம் இதனைச் சொன்னபோது, அந்நாட்டின் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து ஒரு பழங்கதை சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாட்ஜர்ஸ் என்றொரு குழு இருந்தது. பலமுறை இறுதி வரை வந்து தோற்று, 1955இல்தான் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. இரண்டே ஆண்டுகளில் புதிய மைதானம் பற்றிய பேச்சு முறிந்தது. 1957 செப்டம்பர் 24இல் தன் பழைய மைதானத்தில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, அடுத்த பருவத்தில் நாட்டின் மறுகோடியான லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறியது. 1960இல் மைதானத்தை இடித்தார்கள். அங்கே அடுக்கு வீடுகள் எழுந்தன. புரூக்ளின் மக்கள் அதனை ஒரு சாவைப் போலத் துக்கம் காத்தார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்த குழு திரும்பிப் போகக் கூடியது என்பதே எங்களுக்கு ஆறுதலாயிற்று. விருந்தினர் விருந்தினராகவே திரும்ப வேண்டும். அவர்களுடைய வீடு அழிந்து நமக்கு விருந்து வேண்டாம்.

புனேயில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் வெற்றி. மும்பையிடம் மட்டும் தோல்வி. ராயுடு ஹைதராபாத்தை எதிர்த்து அடித்த நூறும், கடைசி ஆட்டத்தில் இங்கிடி பத்தே ஓட்டங்கள் கொடுத்து வீழ்த்திய நான்கு விக்கெட்டுகளும் நினைவில் நிற்கின்றன. அந்தக் கடைசி ஆட்டம் மே 20இல் நடந்தது. ஆட்டம் முடிந்தபின் தோனி மைதானப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் 20 ஆயிரம் ரூபாயும் தம்மோடு எடுத்துக்கொண்ட படமும் கொடுத்துச் சென்றார் என்று நாளேட்டில் படித்தோம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டு போவதுபோல இருந்தது அது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மே 18இல், காவிரி ஆணையத்துக்கான வரைவுத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அச்செய்தியை எங்களுக்குச் சொன்னவர் அண்ணன். பதிலுக்கு நாங்கள் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மே 27இல் வான்கடேயில் இறுதி ஆட்டம். ஹைதராபாத் 178 ஓட்டங்கள் எடுத்தது. வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. கிழவர் கூட்டம் என்ற பழைய கேலி அப்போது எங்கள் நினைவில் வந்து அச்சுறுத்தியது. பிறகு அவர் ஆடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. 57 பந்துகளில் 117 ஓட்டங்கள். இறுதி வரை ஆட்டமிழக்கவில்லை. ஒன்பது பந்துகள் மிச்சமிருக்க, எட்டு விக்கெட்டுகளில் வெற்றி. மூன்றாவது முறையாகக் கோப்பை.

தொலைபேசி ஒலித்தது. அண்ணன்தான். பின்னே பெரும் ஆரவாரம் கேட்டது. "டீக்கடையில இருக்கேன் தம்பி. மறியலுக்கு வந்த பசங்க அத்தனை பேரும் இங்கதான் கெடக்குறானுவ. மொத பத்துப் பந்தும் வரண்டு போன ஆறு மாதிரி இருந்துச்சு. அப்புறம் பாரு, வெள்ளம்!" என்றார். இரண்டு மாதமாக எங்கள் நெஞ்சில் இருந்த கனம் அந்தச் சிரிப்பில் சற்றுக் குறைந்தது. ஆட்டத்தை ஊரை விட்டு அனுப்பியவர்களும் அதை நேசித்தவர்களே. அவர்கள் வெறுத்தது ஆட்டத்தை அன்று. தங்கள் குரலுக்குச் செவி கொடாதவர்களைத்தான்.

ஜூன் 1இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. ஜூலை 19இல் மேட்டூர் அணை திறந்தது. அம்மாதத்திலேயே அணை 120 அடியை எட்டியது. ஆனால் குறுவைக்கான காலம் போய்விட்டது. அண்ணனின் வாய்க்காலில் நீர் ஏறியபோது ஆகஸ்ட் ஆகியிருந்தது. சம்பாவுக்கு நாற்று விட்டார். நாங்கள் அவருக்கென வாங்கி அனுப்பியிருந்த மஞ்சள் சட்டையைத் தம் வயதுக்கு ஒவ்வாது என்று மடித்து வைத்திருந்தவர், அதனை நாற்றங்காலில் குருவி விரட்டும் வைக்கோல் பொம்மைக்கு மாட்டிவிட்டார். "உங்க சென்னை டீம் இப்ப எனக்குக் காவல் நிக்குது" என்று படம் அனுப்பினார். பேரன் அந்தப் படத்தை அச்சிட்டுத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தான்.

2019 மார்ச் 23இல் குழு சேப்பாக்கத்துக்கே திரும்பியது. தொலைக்காட்சியில் அந்த ஆரவாரத்தைக் கண்டபோது பேரனுக்கு முகம் வாடியது. எங்களுக்கு மனம் நிறைந்தது. இப்போதும் கஹுஞ்சே வழியே போகும்போது அவன் மைதானத்தைச் சுட்டிக்காட்டுவான். நாங்கள் அதற்கு அப்பால் மாவள் வட்டத்து வயல்களையும் அவனுக்குச் சுட்டிக்காட்டுகிறோம். அந்த உழவர்களின் கதையையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பல் துலக்கும் பழக்கத்தை அவன் விட்டுவிட்டான். எங்களில் பெரியவர்கள்தாம் இன்னும் சில நாட்களில் மறந்துபோகிறோம். அவன் வந்து மூடிவிட்டுப் போகிறான்.